பிலோமி பின்னால் எடுத்த மூன்று வளைவுகள்

மூணாறு பக்கத்து எஸ்டேட்டுகளில் பிலோமியைத் தெரியாத ஜீப்காரர் யாரும் இல்லை. பத்தொன்பது வயதில் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கப் போனவள். அவள் கணவர் மிக்கேல்ராஜ் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மழைக்காலத்தில் அவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொள்ள, ஜீப் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் சும்மா நின்றது. பிலோமி ஓட்டக் கற்று, லைசென்ஸும் எடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டாள். கால் கூடியதும் அவர் ஜீப்பைத் திருப்பிக் கேட்டார்.

"நீங்க வேற வண்டி பாத்துக்கிடுங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஓட்டுவது சுற்றுலாப் பயணிகளுக்கான கேம்பர் வேன். உள்ளேயே படுக்கை, அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. போன ஜனவரியில் அதில் ஏறியவர்கள் பாலக்காட்டுத் துணிக்கடைக்காரர் மொய்துவும் அவர் மனைவி ருக்கியாவும். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர ருக்கியா வெளியூர் போனதே இல்லை. ஏரிக்கரையில் கால் வலிக்கும்வரை நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

இரண்டாம் நாள் காலை, ஆனையிறங்கல் அணைக்கரைக்கு எஸ்டேட் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாதை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் கீழே தண்ணீர். மூன்றாவது வளைவைத் தாண்டியதும் பிலோமி பிரேக் போட்டாள். பாதையின் நடுவில் ஒரு பெண் யானை, அதன் காலடியில் குட்டி.

"ஹாரன் அடிங்க!" என்றார் மொய்து.

"வேண்டாம் சார். குட்டி இருக்கு. நாமதான் வழி விடணும்."

வண்டியைத் திருப்ப இடமில்லை. மேலே இருக்கும் பம்ப் ஹவுஸ்வரை பின்னாலேயேதான் போக வேண்டும். பின்பக்கக் கேமராவில் சேறு அப்பியிருந்தது.

"அக்கா, பின்கண்ணாடி வழியா பாத்துச் சொல்லுவீங்களா?"

ருக்கியா படுக்கை மேல் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "சோத்தாங்கைப் பக்கம்... இல்லீங்க, அந்தப் பக்கம்..."

"சோத்தாங்கை, பீச்சாங்கையெல்லாம் விடுங்க. மலைப்பக்கம், தண்ணிப்பக்கம்னு சொல்லுங்க, போதும்."

அதன்பிறகு ருக்கியாவின் குரல் தெளிவாக வந்தது. "மலைப்பக்கம். இன்னும் மலைப்பக்கம். இப்ப நேராப் போங்க." முதல் வளைவு கடந்தது, இரண்டாவதும் கடந்தது. யானை காதுகளை விரித்து, நிதானமாகப் பின்தொடர்ந்தது.

கடைசி வளைவில் ருக்கியா அலறினாள். "நிறுத்துங்க அம்மணி! தண்ணிப்பக்கம் சக்கரம் ஓரத்துக்குப் போயிருச்சு!"

சக்கரத்தை மீட்க ஒரே வழி, முன்னால் எடுப்பது. அதாவது யானையை நோக்கி. மொய்து கண்ணை மூடிக்கொண்டார். பிலோமி ஸ்டீயரிங்கை ஒடித்து, அவசரப்படாமல் அரை வண்டி நீளம் முன்னேறினாள். யானை நின்றது, தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. அவள் கியரை மாற்றிப் பின்னால் எடுத்தாள். சக்கரம் பாதைக்கு வந்தது. பம்ப் ஹவுஸ் முற்றத்தில் வண்டியை ஒதுக்கி, இன்ஜினை அணைத்தாள்.

யானை அதற்குமேல் வரவில்லை. குட்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கித் தண்ணீருக்குப் போனது.

பிலோமி அடுப்பைப் பற்றவைத்து மூவருக்கும் டீ போட்டாள்.

"எதுக்க கரையில நல்ல நடைபாதை இருக்கு, அதுக்கு வேற ரோடு. போவமா, திரும்பிருவமா?"

"போலாமுங்க" என்று ருக்கியா முந்திக்கொண்டாள்.

அன்று அவர்கள் எதிர்க்கரையில் மூன்று மணி நேரம் நடந்தார்கள். அங்கிருந்து பார்த்தபோது யானையும் குட்டியும் தண்ணீரில் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தன. மொய்து அடிக்கடி கல்லில் உட்கார்ந்தார். ருக்கியா பிலோமியோடு முன்னால் நடந்தாள்.

"அடுத்த வருசம் என் தங்கச்சியக் கூட்டிட்டு வரேனுங்க. இவரு கடையப் பாத்துக்கட்டும்."

"வாங்கக்கா. மே மாசம் வேண்டாம், கூட்டம் அதிகம். ஜனவரிலயே வாங்க" என்றாள் பிலோமி.