இரண்டாவது எல்போ

குழாய் எங்கே தேயும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுச் சொல்வது, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எனக்கு வேலை. மணலோ சாம்பலோ கலந்த தண்ணீர் ஒரு வளைவுக்கு வரும்போது தண்ணீர் திரும்பிவிடும். துகள்கள் அவ்வளவு சுலபமாகத் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதும். நாளாவட்டத்தில் இரும்பே ஓட்டையாகிவிடும். அந்த வளைவைத்தான் எல்போ என்கிறோம்.

போன வருடம் ஓர் அனல்மின் நிலையத்திலிருந்து வேலை வந்தது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரோடு வெளியேற்றும் குழாயில் ஓர் எல்போ அடிக்கடி ஓட்டையாகிக்கொண்டிருந்தது. அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டவர் கடலூர்ப் பக்கத்து டெக்னீஷியன், ஐம்பது வயதைத் தாண்டியவர். தண்ணீரின் வேகம், சாம்பலின் பருமன் எல்லாம் அவர்தான் போனில் சொன்னார். நான் பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த ஆஸ்டின் டவுனில் வளர்ந்தவள். என் பேச்சைக் கேட்டதும், "தமிழா மேடம்? அப்ப கவலயில்ல" என்றார்.

கணக்கு முடிந்தபோது எல்போவின் வெளிப்புறம் திரையில் சிவப்பாக இருந்தது; சிவப்பு என்றால் அதிகம் தேயும் இடம். அதைத் தாண்டியதும் முழுக்க நீலம், தேய்மானம் இல்லை. தடித்த எல்போ போடச் சொல்லி அறிக்கை எழுதினேன்.

அவர் போன் செய்தார். "வால்வு தெறக்க நான் பக்கத்துலயேதான் நிக்கணும் மேடம். எங்க நின்னா பயமில்ல?"

"எல்போவத் தாண்டி நில்லுங்கண்ணா. அங்க ஒண்ணும் ஆகாது."

இரண்டு மாதம் கழித்து அங்கிருந்த இன்ஜினியர் பேசினார். நாங்கள் சொன்ன எல்போ நன்றாக இருந்தது. நாலடி தள்ளி இருந்த இன்னொன்று வெடித்துவிட்டது. எங்களுக்கு வந்த வரைபடத்தில் குழாய் அந்த இரண்டாவது எல்போவுக்கு முன்பே முடிந்திருந்தது. சாம்பல் தண்ணீர் டெக்னீஷியனின் முகத்தில் அடித்து, வலது கண் போய்விட்டது.

இன்ஜினியரிடம் அளவுகளைக் கேட்டு, அன்றே இரண்டாவது எல்போவையும் சேர்த்துக் கணக்கிட்டேன். முதல் வளைவில் மோதிய துகள்கள் கயிறுபோல ஒன்றாகத் திரண்டு, முறுக்கிக்கொண்டு போய் அடுத்த வளைவின் பக்கவாட்டில் அடித்தன. நான் நிற்கச் சொன்ன பக்கம் சிவப்பாக இருந்தது.

மேனேஜரிடம் காட்டினேன். "டிராயிங்ல இல்லாதத நீ எப்டிம்மா மாடல் பண்ணுவ? ரிப்போர்ட்ல தப்பே இல்ல" என்றார்.

"போன்ல நான்தான் அங்க நிக்கச் சொன்னேன் சார்."

அவர் கதவைப் பார்த்தார். "அத யாருகிட்டயும் சொல்லாத."

ஒரு வாரம் தயங்கிவிட்டு டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அவர், "நீங்க சொன்ன எடத்துலதான் நின்னேன் மேடம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. சொன்னபடி கேட்கவில்லை என்று நான் திட்டிவிடுவேனோ என்பதுபோலச் சொன்னார். மன்னிப்புக் கேட்க எடுத்த போன். கேட்கவில்லை.

அவரே பேசினார். "மேல இன்னொரு எல்போ இருக்கு மேடம். இப்ப என் எடத்துல வேற ஆளு நிக்கிறாரு. அதையும் பாத்துச் சொல்லிடுங்க."

மேனேஜரிடம் கேட்டேன். வேலை முடிந்து ஃபைலை மூடியாயிற்று, அவர்களாகக் கேட்காமல் நாம் தொடக்கூடாது என்றார். மின்நிலையத்துக்கு நானே எழுதி, முழு வரைபடம் அனுப்பச் சொன்னேன். மூன்று முறை எழுதிவிட்டேன். இன்னும் வரவில்லை. டெக்னீஷியன் வாரம் ஒருமுறை போன் செய்து, "பாத்தாச்சா மேடம்?" என்று கேட்கிறார்.