பெரிதாகாத எழுத்து

எங்கள் கம்பெனியில் லீவு வேண்டுமென்றால் செல்போனில் பிரவுசரைத் திறந்து, அவர்கள் கொடுத்த பக்கத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். கேட்கலாம், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் எழுத்து கடுகளவு இருக்கும். இரண்டு விரலை வைத்து விரித்தாலும் பெரிதாகாது. செய்திப் பக்கம் பெரிதாகிறது, புடவைக் கடைப் பக்கம் பெரிதாகிறது. இது மட்டும் அசையாது. எவனோ உட்கார்ந்து வேண்டுமென்றே பூட்டி வைத்திருக்கிறான்.

நானும் என் வயதுக்காரிகளும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கி, எந்தப் பட்டன் எங்கே என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்து அமுக்குவோம். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று பக்கம் எங்களை வெளியே தள்ளிவிடும்.

ஆரம்பாக்கத்தில் மகளின் மாமியார் வீட்டில் வளைகாப்பு வைத்தார்கள். தலைப்பிள்ளை. ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போக வேண்டியவள் நான். சாப்பாட்டு இடைவேளையில், பக்கம் தள்ளிவிடுவதற்குள் அவசரமாக அமுக்கினேன். ஏதோ ஒரு வரி வந்து மறைந்தது. லீவு கிடைத்துவிட்டது என்றே நம்பினேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் மதியம் பார்த்தால் மறுநாள் ஷிப்டில் என் பெயர் இருக்கிறது. லீவில்லாமல் நின்றால் என்னைப் போன்ற காண்டிராக்ட் ஆளை வேலையைவிட்டே எடுத்துவிடுவார்கள். ஆபீஸுக்கு ஓடினேன். லீவு பார்க்கிறவர் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

“நீங்களே கேன்சல் பண்ணிருக்கீங்களேக்கா.”

“நான் இன்னாத்துக்கு சார் கேன்சல் பண்ணப் போறேன்? அனுப்புற பட்டனும் கேன்சல் பட்டனும் ஒட்டிக்கினு இருக்குது. பெருசாக்கவும் வுடமாட்டேங்குது.”

“பெருசாக்க விட்டா டிசைன் கலைஞ்சிடும்கா. அதான் லாக் பண்ணிருக்கோம். இப்ப புதுசா போட முடியாது, டைம் முடிஞ்சிடுச்சு.”

டிசைன் கலைந்துவிடுமாம்! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இத்தனை வருடம் மெஷினில் நின்றவளுக்கு எழுத்து தெரிவதைவிட, அந்தப் பாழாய்ப்போன பக்கம் அழகாக இருப்பது இவர்களுக்கு முக்கியம்.

“நாளைக்கு நான் வரமாட்டேன் சார். அத்த எங்க அமுக்கணுமோ நீயே அமுக்கிக்கோ,” என்றேன். சார் என்றும் நீ என்றும் ஒரே மூச்சில் வந்தது. மாற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் வளையல் போடும்போது மகள் காதோரம் கேட்டாள்: “லீவு குடுத்தாங்களாம்மா?”

“நானே எடுத்துக்கினேன்,” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.