கொழுந்தன் குறட்டை கட்சி மாறியது

சர்வீஸ் சென்டரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ட்ரம் அக்கா. வாஷிங் மெஷினுக்குள் சுற்றுகிற எஃகுப் பானைதான் ட்ரம். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பானைக்குள் தலையை விட்டுப் பிழைக்கிறவளுக்கு வேறென்ன பட்டம் கொடுப்பார்கள். ஆரம்பத்தில் அவள் உதிரிபாகக் கவுன்டரில் ரசீது எழுத வந்தவள். மெக்கானிக்குகள் கழற்றிக் கொண்டுவந்து போடும் பாகங்களில் பாதி நன்றாகவே இருப்பதைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கறத எதுக்குண்ணே கழட்டிட்டு வந்தீங்க?" என்று ஒருநாள் கேட்டுவைத்தாள். கேட்டவளையே மறுவாரம் ஸ்பானரோடு வீடு வீடாகப் பழுதுபார்க்க அனுப்பினார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள் என்று சிரித்தார்கள். ஆறு மாதத்தில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவளுக்கு மூலதனம் காதுதான். மெஷினைத் திறக்கமாட்டாள், முதலில் ஓடவிட்டுக் கேட்பாள். கேட்டதைப் போனில் பதிவு செய்துகொள்வாள். பதினோரு வருஷத்தில் அறுநூற்றுப் பதினான்கு சத்தங்கள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அதில்தான் விஷயமே. பேரிங், பெல்ட், பம்ப் என்று எழுதிவைத்தால் அவளுக்கு நினைவில் நிற்காது. சொந்தக்காரர்கள் மறக்கமாட்டார்கள் அல்லவா? பேரிங் தேய்ந்த மெஷினுக்குக் 'கொழுந்தன் குறட்டை'. பெல்ட் வழுக்கிக் கீச்சிட்டால் 'நாத்தனார் கத்தல்'. தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப் அடைத்துக்கொண்டால் 'பெரியப்பா இருமல்'. ட்ரம்மின் துளையில் ஹேர்பின் சிக்கியிருந்தால் 'சித்தி வளையல்'. இந்தப் பெயர்கள் அவளுக்கும் அவள் போனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். தெரிந்தால் வீடு ரெண்டுபடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

எந்த வகைப் போன் உசத்தி என்ற விஷயத்தில் அந்த வீட்டில் இரண்டு கட்சி. உலகமே அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. எந்தக் கட்சி எது என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கு இரண்டு பக்கமும் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவளுடைய வீட்டுக்காரர், மாடியில் குடியிருக்கும் நாத்தனார், பக்கத்துத் தெருக் கொழுந்தன் எல்லோரும் ஒரு கட்சி. ட்ரம் அக்கா மட்டும் எதிர்க்கட்சி. அவளுடைய சார்ஜர் வயர் யாருக்கும் பொருந்தாது, யாருடையதும் அவளுக்குப் பொருந்தாது. பஸ் டிப்போவில் நேரம் பார்க்கும் வேலையிலிருந்த வீட்டுக்காரர், "ஒத்த ஆளு எதிர்க்கட்சிய வச்சிக்கிட்டு எப்படித்தான் காலம் தள்றியோ" என்பார். "டெபாசிட் போனாலும் கொள்கைய விடமாட்டேன்" என்பாள் அவள்.

கொள்கையை விடவேண்டிய நாள் வந்தது. அதற்குக் காரணம் அவளுடைய முட்டி.

பன்னிரண்டு கிலோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு எட்டு வீடு, லிஃப்ட் இல்லாத மாடிகள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி மாடி ஏறினால் இரண்டு வருஷத்தில் தரையில்கூட நடக்கமுடியாது என்று சொல்லிவிட்டார். மாடி ஏறாத மெக்கானிக் யாருக்கு வேண்டும்? நாற்பத்தெட்டு வயதில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காருவதை அவளால் நினைத்தே பார்க்கமுடியவில்லை. வேலை அவளுக்குச் சம்பளம் மட்டுமில்லை. அதில்தான் அவள் யாரோ ஒருத்தியாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு செய்தி சொன்னார். வாடிக்கையாளர் தன் மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார். இங்கே ஒரு ஆள் மேசையில் உட்கார்ந்து கேட்டு, என்ன பழுது, எந்தப் பாகம் கொண்டுபோகவேண்டும் என்று மெக்கானிக்குக்குச் சொல்லவேண்டும். ஒரே ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இன்ஜினியர் வந்து சோதித்து ஆளை எடுப்பார்.

அக்கா கையைத் தூக்கினாள்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "அக்கா, உங்களுக்கு இல்லாத தகுதியா. ஆனா கம்பெனி ஆப் உங்க போன்ல ஓடாது. அந்தப் பக்கத்துப் போன்லதான் ஓடும். உங்ககிட்ட இருக்கற சத்தமெல்லாம் அதுல ஏத்திக் காட்டணும். சும்மா வாயால சொன்னா அந்த இன்ஜினியர் ஒத்துக்கமாட்டார்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஏத்திடறேன் சார்."

"அதுல இருந்து இதுக்கு மாத்தறது லேசுப்பட்ட வேலை இல்லக்கா."

"மாடி ஏறறத விடவா?"

ஞாயிற்றுக்கிழமை காலை புதுப் போன் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயற்சி செய்யவில்லை. "கட்சி தாவறவங்களுக்கு மாலை போட்டு வரவேற்கறதுதான் முறை" என்று தன் துண்டை எடுத்து அவள் கழுத்தில் போட்டார். அவள் துண்டை உதறிவிட்டு இரண்டு போன்களையும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே வைத்து ஒரு வயரால் இணைத்தாள். தொடர்பு எண்கள் வந்தன. படங்கள் வந்தன. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவள் வைத்திருந்த அலாரம்கூட வந்தது. சத்தங்கள் மட்டும் வரவில்லை. மறுபடி செய்தாள். மறுபடியும் அறுநூற்றுப் பதினான்கும் பழைய வீட்டைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டன.

"தனியா ஒரு குரூப் ஆரம்பிச்சு, நீ மட்டும் அதுல இருந்துக்கிட்டு எல்லாத்தையும் அனுப்பு. அப்புறமா இதுல இறக்கிக்கலாம்" என்று வழி சொன்னார் வீட்டுக்காரர். நல்ல வழிதான். அவள் ஒரு குரூப் ஆரம்பித்து அதற்குச் 'சத்தம்' என்று பெயர் வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, போன் மணியை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முப்பது முப்பதாகத் தேர்ந்தெடுத்து அனுப்பத் தொடங்கினாள். இரண்டு மணி நேரம் தலை நிமிரவில்லை.

அவள் மறந்துபோன ஒரு சங்கதி இருந்தது. குடும்ப குரூப்பில் போன மாதம் ஒரு சண்டை. ஆளாளுக்கு எழுதித் தள்ளியதில் எரிச்சலான கொழுந்தன், குரூப்பின் பெயரையே 'சத்தக்காடு' என்று மாற்றிவிட்டிருந்தான். அவள் தேடும் கட்டத்தில் 'சத்த' என்று அடித்தவுடன் முதலில் வந்து நின்றதைத் தொட்டிருக்கிறாள். 'நாத்தனார் கத்தல்' ஒன்று முதல் நாற்பத்தாறு வரை, நாத்தனார் உட்படப் பத்தொன்பது பேருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கடைசியாக மிஞ்சியதும் போனபிறகுதான் மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். கொழுந்தனிடமிருந்து ஏற்கெனவே ஒரு வரி வந்திருந்தது: "அண்ணி, என் குறட்டை அம்பத்தெட்டு தடவையா?" பெரியப்பா ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம் இறங்கியது. அது யாருடையது என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பதிவு எதுவும் தேவைப்படவில்லை.

நாத்தனார் வாசலிலேயே நின்றாள். "நான் கத்தறனா அண்ணி?"

பொய் சொல்லிச் சமாளிக்க ஒரு நொடி நாக்கு துடித்தது. ஆனால் நாற்பத்தாறு சாட்சிகளை வைத்துக்கொண்டு என்னவென்று பொய் சொல்வது? "கத்துவம்மா" என்றாள் அக்கா. "ஆனா நீ எப்பக் கத்துவ தெரியுமா, எதுவோ நழுவுதுன்னு உனக்கு மொதல்ல தெரியும்போது. பெல்ட்டும் அப்படித்தான். அது கத்தலன்னா மோட்டாரே போயிடும். பேரு வச்சது தப்புதான். இப்பவே எல்லாத்தையும் அழிச்சிடறேன்."

"இருங்க." நாத்தனார் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் போனில் ஒன்றை ஓடவிட்டாள். கீச்சென்ற சத்தம் சமையலறை வரைக்கும் போனது. முகத்தைச் சுளித்தாள். இன்னொன்றை ஓடவிட்டாள். மூன்றாவதில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அச்சு அசல் நானேதான். அழிக்காதீங்க அண்ணி. அழிச்சா உங்க பொழப்பு போயிடும்ல? எல்லாம்தான் எங்க போனுக்கு வந்திடுச்சே. நாங்கல்லாம் இந்தக் கட்சிதானே."

வீட்டுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் போனிலும் அறுநூற்றுப் பதினான்கு வந்து உட்கார்ந்திருந்தன, பெயர் மாறாமல். அவருடையதும் அவளுடைய புதுப் போனும் ஒரே இனம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இருபது நிமிஷத்தில் மொத்தமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. எண்ணிக்கையைப் பார்த்தபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாத்தனார், "இந்த அழுகைக்கு என்ன சத்தம்னு பேரு வைக்கப்போறீங்க?" என்றாள்.

புதன்கிழமை வரைக்கும் புதுப் போனோடு மல்லுக்கட்டினாள். பழையதில் கீழே இருந்த பொத்தான் இதில் இல்லை. விரலால் தள்ளவேண்டிய திசை வேறு. வேலை நடுவில் இரண்டு முறை வாடிக்கையாளர்களின் அழைப்பைத் துண்டித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகினாள். வியாழக்கிழமை சாயங்காலம் கம்பெனி ஆப்பில் கடைசிச் சத்தத்தையும் ஏற்றி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் மடிக்கணினியை விரித்து அவளுடைய பட்டியலைத் திறந்தார். முப்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். "கொழுந்தன்... குறட்டை... ஐம்பத்தெட்டு" என்று தடுக்கித் தடுக்கி வாசித்தார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது என்னங்க வகைப்பாடு?"

"என் சொந்தக்காரங்க சார். ஆளத் தெரிஞ்சா நோவு தெரியும்."

அவர் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. தான் கொண்டுவந்திருந்த ஐந்து சத்தங்களைப் போட்டார். நான்கை அவள் பாதியிலேயே சொல்லிவிட்டாள். ஐந்தாவதை முழுதாகக் கேட்டாள். திரும்பவும் போடச்சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உறுமல். கனமான, அடித்தொண்டை உறுமல்.

"ஆப் இத பேரிங்னு சொல்லுது. தொண்ணூத்திரண்டு சதவீதம் உறுதின்னு போட்டிருக்கு" என்றார் இன்ஜினியர். "எங்க ஆளுங்களும் அதையேதான் சொல்றாங்க. அந்த மெஷின் வெளிய வண்டியிலதான் இருக்கு, பேரிங் மாத்தறதுக்காக வந்தது."

அறையிலிருந்த எல்லோரும் அவள் தலையாட்டுவாள் என்றே எதிர்பார்த்தார்கள். ஒத்துக்கொண்டிருந்தால் ஐந்துக்கு ஐந்து, நாற்காலி அவளுக்கு. ஆனால் காது ஒத்துக்கொள்ளவில்லை.

"இது பேரிங் இல்ல சார்."

"குறட்டை மாதிரிதானே இருக்கு?"

"மாதிரிதான் இருக்கு. கொழுந்தன் ஆரம்பிச்சா எழுப்பறவரைக்கும் நிறுத்தமாட்டாரு. வேகம் ஏற ஏற ஏறும், மெஷின் நிக்கறப்பவும் இழுத்துக்கிட்டே அடங்கும். இது எண்ணூறு சுத்துல உறுமுது, ஆயிரத்தத் தாண்டினதும் கப்சிப்னு ஆயிடுது. தூங்கற ஆளு இப்படிப் பண்ணமாட்டாரு. இது தூங்கற மாதிரி நடிக்கறது."

"அப்ப என்னன்னு சொல்றீங்க?"

"உள்ள ஆடாம இருக்கறதுக்கு ஒரு சிமெண்ட் கட்டி வச்சிருப்பாங்கல்ல, அதோட போல்ட் லூசு. பதிமூணாம் நம்பர் ஸ்பானர் போதும்."

இன்ஜினியர் எழுந்து வெளியே போனார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள். மெஷினை வண்டியிலிருந்து இறக்கி, மேல்மூடியைக் கழற்றினார்கள். இன்ஜினியர் கையை உள்ளே விட்டுக் கட்டியை அசைத்தார். ஆடியது. அவரே ஸ்பானரை வாங்கி முறுக்கினார். ஓடவிட்டபோது எண்ணூறு வந்தது, ஆயிரம் வந்தது, மூச்சுவிடும் சத்தத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டார், "இந்த மாதிரி நடிக்கறதுக்கும் உங்ககிட்ட பேரு இருக்கா?"

"இன்னிக்குத்தான் வைக்கணும் சார்."

"வச்சு ஏத்திடுங்க. உங்க பட்டியல் முழுசும் எல்லாக் கிளைக்கும் போகட்டும். பேரையெல்லாம் மாத்தவேணாம். எனக்கே இப்பதான் வித்தியாசம் புரிஞ்சுது." பிறகு மேனேஜரைப் பார்த்து, "அந்த மேசை இவங்களுக்கு" என்றார்.

மேனேஜர், அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அக்கா அதற்குள் உள்ளே போயிருந்தாள். சந்தோஷத்தில் காது அடைத்துப்போயிருந்தது; அந்தக் காதுக்கு அன்று அதுகூடத் தகும். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.

மேசை போன் அடித்தது. நான்காவது மாடியிலிருந்து ஒரு அம்மாள், மெஷின் கடகடவென்கிறது, இன்றைக்கே ஆளை அனுப்புங்கள் என்றாள்.

"போனக் கொஞ்சம் மெஷின் பக்கத்துல பிடிங்கம்மா" என்றாள் அக்கா. நாலு நொடி கேட்டாள். "கீழ வலது ஓரத்துல ஒரு சின்ன மூடி இருக்கும். அடியில ஒரு தட்டு வச்சுக்கிட்டுத் திருகிப் பாருங்க. உள்ள பட்டனோ காசோ இருக்கும்."

சற்று நேரம் எதிர்முனையில் தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு, "ஐயோ, பட்டன்தாங்க. இப்ப ஆளு வரவேணாமா?"

"வேணாம்மா" என்றாள் ட்ரம் அக்கா. "யாரும் மாடி ஏறவேணாம்."