புள்ளிக்கோட்டுக்குள் ஒரு சோபா

அந்த அட்டை ஆலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே "மேடம்", முதுகுக்குப் பின்னால் "ஊசி". ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். வாயைத் திறந்தால் குத்தும் என்பது இன்னொன்று. அந்தப் பட்டப்பெயர் அவளுக்கும் தெரியும். வருத்தமெல்லாம் இல்லை. "குத்தாத ஊசியை வச்சுக்கிட்டு என்னம்மா தைக்கிறது?" என்று வீட்டில் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

உலகத்தில் முக்கால்வாசிப் பேர் மேல் அவளுக்கு மதிப்புக் கிடையாது. கல்லூரியில் அவள் போட்ட கணக்கைப் பார்த்து எழுதிய பையன்கள் அவளுக்கு முன்னாலேயே வேலைக்குப் போனார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து வேலை விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அம்மாவின் தம்பிதான் டிசைன் செக்ஷனில் வேலை வாங்கிக் கொடுத்தார். அவர் அந்த ஆலைக்கு மேனேஜர். அன்றிலிருந்து வீட்டில் "மாமா", ஆலையில் "சார்". இரண்டுமே அவளுக்குத் தொண்டையில் சிக்கும்.

மாமாவுக்கு இயந்திரங்களைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். ஓடினால் சிரிக்க வேண்டும், நின்றால் யாரையாவது திட்ட வேண்டும். வேலை நன்றாக நடந்தால் அவள் "என் அக்கா பொண்ணு". கெட்டுப்போனால் "அந்த டிசைன் செக்ஷன்". இப்படிப்பட்டவர்கள் எப்படி மேலே போகிறார்கள் என்று அவள் ரொம்ப நாள் யோசித்தாள். பிறகு விட்டுவிட்டாள். தண்ணீரில் தக்கை மிதப்பதற்கு ஆராய்ச்சி எதற்கு?

ஆலையின் பாய்லரில் தேவைக்கு மேல் நீராவி வந்துகொண்டிருந்தது. வீணாகப் போகிற அந்த ஆவியில் ஒரு சின்ன டர்பைனை ஓட்டி, ஆலைக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. டர்பைனுக்கென்று பாய்லருக்குப் பக்கத்தில் நல்ல அகலமான கூடம் ஒன்று இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காலியாக ஓர் இடம் கிடந்தால் மாமாவுக்குக் கை அரிக்கும். ஒரு மூலையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கினார். இன்னொரு பக்கத்தைத் தடுத்துக் காவலாளிகள் உடை மாற்றும் அறை ஆக்கினார். வேலை ஊசியின் மேசைக்கு வந்தபோது, கூடத்தில் மிச்சம் இருந்தது ஒரு பேருந்தை நிறுத்தினால் ஓட்டுநர் இறங்க முடியாத அளவு இடம்.

"அதுக்குள்ள அடக்கிடு" என்றார் மாமா. "சின்னதா, அழகா இருக்கணும்."

"கல்யாண மோதிரமா சார் கேட்கறீங்க?"

"இந்த வாய் மட்டும் இல்லேன்னா நீ எங்கேயோ போயிருப்பே."

வழக்கமாக டர்பைன் ஓரிடத்தில் இருக்கும். அதைச் சுழற்றிவிட்டு வெளியே வருகிற ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கும் கண்டென்சர் இன்னோர் இடத்தில் இருக்கும். நடுவில் ஆள் நுழையும் அளவு பருமனான குழாய் ஒன்று போகும். அந்தக் குழாய்க்கு இங்கே இடம் இல்லை. அதனால் அவள் குழாயையே எடுத்துவிட்டாள். கண்டென்சரின் கனத்த உடம்பையே பீடமாக்கி, டர்பைனை அதன் முதுகில் ஏற்றி உட்காரவைத்தாள். டர்பைன் சக்கரத்தைச் சுழற்றிய ஆவி அப்படியே கீழே விழும். விழுந்த இடத்தில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் டியூப்கள் நெருக்கமாகக் கிடக்கும். அவற்றின் மேல் பட்டதும் ஆவி தண்ணீராகிச் சுருங்கும். சுருங்கியதும் அங்கே வெற்றிடம் பிறக்கும். ஆலையில் அதை வேக்கம் என்பார்கள். அந்த வேக்கம்தான் பின்னால் வரும் ஆவியை இன்னும் வேகமாக இழுக்கும். எவ்வளவு நல்ல வேக்கமோ அவ்வளவு மின்சாரம்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. வேக்கம் வந்தால் வெளிக்காற்று கண்டென்சரை நாலா பக்கமும் அழுத்தும். முதுகில் டர்பைன் உட்கார்ந்திருக்கிறது. பீடம் ஒரு மயிரிழை நெளிந்தாலும் சுழலும் தண்டு கோணலாகிவிடும். அதற்காக அவள் கண்டென்சருக்குள் விலா எலும்பு மாதிரி தகடுகள் வைத்தாள். தகடு வைத்தால் ஆவியின் வழி அடைபட்டது. வழியைத் திறந்தால் பீடம் நெளிந்தது. இந்த இழுபறியிலேயே மாதங்கள் ஓடின. மாமா வந்து எட்டிப் பார்ப்பார். "இன்னுமா கோடு போட்டுட்டிருக்கே? மெஷினே வந்திருக்கும்." அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அவள் வாழ்க்கையில் முழுசாக அவளுடையது என்று சொல்ல அந்த ஒரு பொருள்தான் இருந்தது.

வரைபடத்தில், கண்டென்சரின் முன்மூடிக்கு எதிரே ஒரு நீளமான கட்டத்தைப் புள்ளிக்கோட்டால் வரைந்தாள். டியூப் ஓட்டையானால் மாற்ற வேண்டும். கண்டென்சர் எவ்வளவு நீளமோ டியூபும் அவ்வளவு நீளம். அதை வெளியே இழுக்க, முன்னால் அதே அளவு இடம் காலியாகக் கிடக்க வேண்டும். அடுத்த பக்கம் பாய்லர் நின்றதால் வேறு வழி இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் அந்தப் புள்ளிக்கட்டம் என்னவென்று தெரியும்.

பக்கத்து மேசையில் வரைபடங்களைப் படி எடுக்கும் பெண் கேட்டாள்: "உள்ளே 'டியூப் இழுக்கும் இடம்'னு எழுதிடவா மேடம்?"

"எதுக்கு? இதுகூடத் தெரியாதவனுக்கு இந்த ஆலையில என்ன வேலை?"

அதற்குப் பதில் 'மேனேஜர் வேலை' என்று அவளுக்கே தெரியும். இருந்தும் எழுதவிடவில்லை.

மாமா வரைபடத்தைப் பார்த்தார். மற்ற கோடுகள் எல்லாம் கெட்டியாக இருக்க, இது மட்டும் விட்டு விட்டுப் போவது அவர் கண்ணில் பட்டது. விரலை வைத்தார்.

"இங்க மெஷின் ஏதாவது வருதா?"

"மெஷின் வராது" என்றாள், பென்சிலைச் சீவியபடி.

மாமா திருப்தியாகப் போனார்.

கண்டென்சரின் உடம்பைப் பற்றவைக்கும் வேலை வெளியூர்ப் பட்டறையில் நடந்தது. அதை மேற்பார்க்கப் போன ஊசி திரும்பி வந்தபோது கூடத்தில் புதிதாக ஒரு சுவர் நின்றது. சரியாகப் புள்ளிக்கட்டம் தொடங்கும் இடத்தில். சுவருக்கு அப்பால் மாமாவின் புது அறை. விருந்தினர் டர்பைனைப் பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய சோபா. பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"சார், இது டியூப் இழுக்கிற இடம்."

"எப்போ இழுக்கணும்?"

"ஓட்டையானா."

"அடடா! உன் மெஷின் ஓட்டையாகும்னு நீயே சொல்றியே!" மாமா திரும்பிக் கொத்தனார்களைப் பார்த்தார். மேனேஜர் சிரித்தால் சிரிக்க வேண்டும் என்பது கொத்தனார்களுக்குத் தெரியும்.

அவள் முதலாளியிடம் போயிருக்கலாம். சுவர் இன்னும் காயக்கூட இல்லை. போகவில்லை. முட்டாளுக்கு ஒரு தடவை சொல்வதே அதிகம், இரண்டாவது தடவை சொல்வது தனக்குக் கேவலம் என்று நினைத்தாள். வீட்டில் அம்மா வேறு, "அவன் போட்ட சோறுடி. ரூமுக்காக மாமாவோட மல்லுக்கு நிக்காதே" என்றாள். படட்டும், அப்போது புத்தி வரும் என்று ஊசி இருந்துவிட்டாள்.

இயந்திரம் ஓடியது. முதல் நாள், வேக்கம் காட்டும் கேஜில் முள் ஏறி ஏறி, அவள் கணக்குப் போட்ட இடத்தில் வந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் அவளுக்கு யார் மேலும் வெறுப்பு இல்லை. அதற்குள் கண்ணாடிக்கு அப்பால் மாமா ஆட்களைச் சோபாவில் உட்காரவைத்து, "நாங்க டிசைன் பண்ணோம்" என்று கையை ஆட்டுவது தெரிந்தது. அந்தச் சோபாவில் முதலில் உட்கார்ந்து தேநீர் குடித்தவர் முதலாளி.

மறு வருடம் மழையில், டியூப்களில் ஓடும் ஆற்றுத் தண்ணீர் மணலோடு வந்தது. மணல் டியூப்களை அரித்தது. ஓட்டை வழியாகக் கலங்கல் தண்ணீர், ஆவி குளிர்ந்து சேர்ந்த நல்ல தண்ணீரில் கலந்து பாய்லருக்குப் போனது. பாய்லர்காரர் கத்தினார். டியூபை மாற்ற வழியில்லாததால், ஓட்டையான டியூபின் இரண்டு முனையிலும் ஆப்பு அடித்து அடைத்தார்கள். அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு நாலைந்து. அடைத்த டியூபில் தண்ணீர் ஓடாது, ஆவி குளிராது. வேக்கம் குறைந்தது. மின்சாரம் குறைந்தது. அட்டை வெட்டும் இயந்திரங்கள் மூச்சு வாங்கின.

"கண்டென்சரைச் சின்னதாப் போட்டுட்டா" என்று மாமா முதலாளியிடம் சொன்னார். "கணக்குத் தப்பு. என் அக்கா பொண்ணுதான், அதுக்காக உண்மையை மறைக்க முடியுமா? இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம்."

இது ஊசியின் காதுக்கு வந்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் செய்த ஒரே இயந்திரம் தப்புக் கணக்கு என்ற பெயரோடு பழைய இரும்பு லாரியில் போகப் போகிறது.

முதலாளி கூடத்துக்கே வந்தார். கையில் ஒரு கைக்குட்டை, மூக்கில் ஒரு கைக்குட்டை. தன் சொந்த ஆலையின் வாசனை அவருக்கு ஆகாது. ஃபிட்டர் கண்டென்சரின் முன்மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே ஆப்பு அடித்த டியூப்கள் சொத்தைப் பல் மாதிரி தெரிந்தன.

"டியூபை மாத்தினா பழைய வேக்கம் வரும்" என்றாள் ஊசி.

"மாத்த வேண்டியதுதானே?"

"இடம் இல்லை."

"வெட்டி வெட்டி எடு" என்றார் மாமா. "அதுக்கு எதுக்கு இடம்?"

"எடுக்கலாம். புதுசையும் வெட்டி வெட்டி நுழைக்கலாமா சார்?"

"வளைச்சு விடு."

"அது ஷூ கயிறு இல்லை."

ஃபிட்டர் குனிந்து, இல்லாத ஸ்பானரைத் தேடினார்.

முதலாளி வரைபடத்தைக் கேட்டு வாங்கினார். புள்ளிக்கட்டத்தின் மேல் விரல் நின்றது. "இது என்ன?"

"டியூப் இழுக்கிற இடம்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

மாமாவின் முகம் மலர்ந்தது. "கேட்டேன் முதலாளி! இங்க மெஷின் வருதான்னு வாயைத் திறந்து கேட்டேன். வராதுன்னா!"

"மெஷின் வரலையே சார். சோபாதானே வந்தது."

இந்தத் தடவை ஃபிட்டர் சிரித்தே விட்டார். முதலாளி சிரிக்கவில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார்.

"கேட்டவருக்கு அறிவில்லை. சொன்னவளுக்கு மனசில்லை. நடுவுல என் மெஷின் சாகுது."

சோபாவில் தேநீர் குடித்தவர் பேசுகிற பேச்சா என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டாள். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி அவளுடையது. அதை அவள் சுவர் எழும்பிய நாளே அறிவாள். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"சுவரை உடைங்க" என்றாள். குரல் வழக்கம் போல இல்லை. "டியூபை மாத்தி, வேக்கம் வரலைன்னா, மெஷினோட என்னையும் பழைய இரும்பு லாரியில ஏத்திடுங்க."

மறுநாள் சுவரில், கண்டென்சரின் முன்மூடி அளவுக்கு ஓட்டை போட்டார்கள். கண்ணாடி ஜன்னலும் போனது. மாமா மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. சோபாவிலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக முதல் டியூப் சுவர் வழியே அறைக்குள் நீண்டது.

"சார், தலை" என்றார் ஃபிட்டர்.

"என் ரூம்ல நான் குனியணுமாய்யா?"

டியூப் நிற்கவில்லை. மாமா குனிந்தார். அடுத்த டியூபுக்கும் குனிந்தார். அதற்கடுத்ததற்கு எழுந்தே போய்விட்டார். சோபாவின் மேல் பழைய டியூப்கள் சேறு சொட்டக் குவிந்தன.

புது டியூப்களை நுழைத்து, மூடியைப் பூட்டி, ஆவியைத் திறந்தார்கள். கேஜின் முள் கிளம்பியது. பாதியில் தயங்கியது. ஊசி உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். முள் மறுபடி நகர்ந்தது. அவள் கணக்கைத் தொட்டு நின்றது. முதலாளி, "லாரி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் மணல் மறுபடி வரும், டியூபை மறுபடி இழுக்க வேண்டும். அதனால் மாமாவின் அறை இனி காலியாகவே கிடக்க வேண்டும் என்று முடிவானது. மாமாவை எங்கே போடுவது?

"டிசைன் ரூம்ல போடுங்க" என்றார் முதலாளி. "அவளுக்கு எதிர்லேயே. கேட்கிறவரும் சொல்றவளும் மூஞ்சியைப் பார்த்துக்கட்டும்."

மாமாவின் மேசை ஊசியின் மேசைக்கு முன்னால் வந்து ஒட்டியது. அவர் காலால் தாளம் போடுவார், பல் குத்துவார், அவளுடைய அளவுகோலை எடுத்து முதுகு சொறிவார். அம்மாவுக்கு மட்டும் ரொம்பச் சந்தோஷம். "இப்பவாவது ஒண்ணா இருக்கீங்களே!"

ஒரு நாள் காலை மாமா போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, மெஷினுக்காக என் ரூமையே விட்டுக்கொடுத்தேன். நமக்கு வேலைதானே முக்கியம்? வேக்கமா? ரொம்ப நல்ல வேக்கங்க. எவ்வளவுன்னா..." போனைக் கையால் பொத்தினார். "எவ்வளவும்மா?"

அவள் சொன்னாள். அவர் போனில் வேறு எதையோ சொன்னார். அது உண்மையானால் கண்டென்சர் அப்பளமாக நொறுங்கியிருக்கும்.

ஊசி எழுந்தாள். மேசையைச் சுற்றிப் போய் அவர் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"டிசைன் பண்ணது நான். என்ன தெரியணும், கேளுங்க" என்றாள்.