சுண்ணாம்புச் சுவரில் நான் போட்ட சீமெந்து

எனக்குச் சீமெந்து என்றால் பைத்தியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் யாருக்கும் விளங்காது.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவின் சுவர் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு அடித்தது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. மழைக்காலத்தில் விரலால் குத்தினால் மண் பொலபொலவென்று கொட்டும். ஒருமுறை சித்தப்பா எங்கிருந்தோ ஒரு மூட்டை சீமெந்து கொண்டுவந்து வாசற்படியை மட்டும் பூசினார். லயமே வந்து நின்று பார்த்தது. அம்மா மூன்று நாள் அந்தப் படியில் யாரையும் கால் வைக்க விடவில்லை. மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டைப் பற்றி எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வதென்றால், "சீமெந்து வீடு" என்றுதான் சொல்வார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

நான் மேசன் வேலைக்குப் போனதும் அந்தப் படியை நினைத்துத்தான். நன்றாகத் தேறினேன். நாற்பது வயதுக்குள் நுவரெலியாவில் என்னை எல்லோரும், தலைமை மேசனைக் கூப்பிடுவதுபோல, 'பாஸ்' என்றார்கள். ஹோட்டல் மதில், கடைத் தரை, படிக்கட்டு என்று நான் பூசாத இடம் குறைவு. கூடவே முன்கோபமும் வளர்ந்தது. என் வேலையில் யாராவது குறை சொன்னால் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். அப்படிப் போனால் பின்னாலேயே வந்து கூப்பிடுவார்கள் என்று தெரிந்துதான் போவேன்.

சில வருடங்களுக்கு முன் டவுனில் ஒரு பழைய கடைக் கட்டடத்தைச் செப்பனிடும் வேலை வந்தது. வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம். இடுப்பளவு கருங்கல், அதற்கு மேலே சிவப்புச் செங்கல். புதிதாக வாங்கியவர் கீழே கோப்பிக் கடையும் மேலே தங்கும் அறைகளும் வைக்க நினைத்தார். வேலையைப் பார்த்துக்கொள்ள கொழும்பிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் அம்மா வாரத்துக்கு ஒரு நாள் வருவார். சிங்களம்தான் பேசுவார். நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுவோம்.

செங்கற்களுக்கு இடையில் இற்றுப்போன பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, புதுச் சாந்து நிரப்ப வேண்டும். அதுதான் வேலையில் பெரும்பகுதி. மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார், சுண்ணாம்பும் மணலும் மட்டும்தான், ஒரு பிடி சீமெந்துகூட இந்தச் சுவரில் படக் கூடாது என்று. நான் தலையாட்டினேன். மனதுக்குள் எரிச்சல் பொங்கியது. நாங்கள் மூன்று தலைமுறையாக எந்தச் சுவரிலிருந்து தப்பி ஓடப் பார்த்தோமோ, அதே உதிர்கிற சுவரைக் காசு கொடுத்துக் கேட்கிறார்களே என்று நினைத்தேன். பணக்காரர்களின் விளையாட்டு என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேலியும் பேசினேன்.

சாந்து கலக்க ஓர் அக்கா வந்திருந்தார். வட்டவளைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். பாஸ் என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவருடைய மகள் சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்து, நுவரெலியாவில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்திருந்தாள். தோட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கிடையாது. அதற்காகவே கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, டவுனுக்கு வெளியே ஒரு அறையை வாடகைக்கு எடுத்து மகளோடு இருந்தார். இந்த வேலை இருந்தால்தான் அந்த அறை. அறை இருந்தால்தான் அந்தப் படிப்பு. இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், தேத்தண்ணீர் குடிக்கும்போது.

சுண்ணாம்பு அவருக்குக் கை வந்த சங்கதி. தீபாவளிக்கு முன் லயங்களுக்கு வெள்ளையடிக்கும் கூட்டத்தில் அவருடைய அப்பாவும் ஒருவர். சின்ன வயதிலிருந்தே அப்பாவோடு நின்று சுண்ணாம்பு நீற்றியிருக்கிறார். பீப்பாயில் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது கொதித்து அடங்கியதும் ஈரச் சாக்கால் மூடி வாரக்கணக்கில் ஊற வைப்பார். என்னைத் தொட விடமாட்டார். அவசரப்பட்டால் சுவரில் போன பிறகு பொரிந்து உதிரும் என்பார்.

முன்பக்கச் சுவரின் வலது பாதியில் ஆரம்பித்தோம். சுண்ணாம்புச் சாந்து மெல்லத்தான் இறுகும். இரண்டு நாள் கழித்துத் தொட்டுப் பார்த்தால் நகம் இறங்கியது. என் கை வைத்த வேலையில் நகம் இறங்குவதா என்று எனக்கு உடம்பே கூசியது. பின்பக்கத்துக் கழிப்பறைத் தரைக்காக ஸ்டோர் அறையில் சீமெந்து மூட்டைகள் இருந்தன. சாவி என் இடுப்பில்தான் தொங்கியது. மூன்றாம் நாள் காலையில் நானே ஒரு இரும்புத் தாச்சி நிறையச் சீமெந்து அள்ளிக்கொண்டு வந்து அவருடைய கலவையில் கொட்டினேன்.

அக்கா மண்வெட்டியை நிறுத்திவிட்டார். அவர்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் பழைய செங்கல் சுவருக்கு இப்படிச் சீமெந்து வைத்து, இரண்டு வருடத்தில் செங்கற்களின் வெளிமுகம் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுந்ததைச் சொன்னார். பிறகு மெதுவாக, "சுவத்துக்குள்ள இருக்கிற ஈரம் வெளிய போக வழி வேணும் தம்பி. இது வாயக் கட்டுன மாதிரி," என்றார்.

கலக்கச் சொன்னால் கலக்குங்கள் என்றேன். அவர் கலக்கினார்.

அந்த வாரம் மிஸ் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துச் சாந்தைக் கீறினார். இடது பக்கத்துப் பழைய சாந்தில் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. வலது பக்கம் சாவிதான் வழுக்கியது. அவர் சத்தம் போடவில்லை. இதில் சீமெந்து எப்படி வந்தது என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

அக்கா எனக்கு இரண்டு அடி தள்ளி, தாச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். நான் மேலே சாரத்தில் நின்றேன், கவனிக்கவில்லை, கலவை போடுகிற ஆள் தெரியாமல் அள்ளிப் போட்டிருக்க வேண்டும் என்றேன். ஒரே மூச்சில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். நல்லவேளை, சிங்களம் விளங்கவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது. சொன்ன பொய்யை விட அந்த நேரத்தில் வந்த நிம்மதிதான் இன்றைக்கும் என்னைக் கூனிக் குறுக வைக்கிறது.

இறுகிய சீமெந்தை இப்போது வெட்டினால் செங்கலும் சேர்ந்து உடையும், இந்தப் பாதி இப்படியே இருக்கட்டும், மிச்சத்தையாவது ஒழுங்காகச் செய்யுங்கள் என்றார் மிஸ். கலவைக்கு வேறு ஆள் போடுங்கள் என்றும் சொன்னார்.

சாயங்காலம் அக்காவிடம், "ஆள் குறைக்கிறாங்களாம் அக்கா," என்றேன். அதுவும் பொய். "சரி தம்பி" என்றார். தாச்சியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பீப்பாயின் மேல் சாக்கை நனைத்துப் போட்டுவிட்டுப் போனார். நாளைக்கு வரப்போகிற ஆள்போல அந்தச் சாக்கை அவர் சரிசெய்துவிட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அறையைக் காலி செய்து அவர் மகளோடு தோட்டத்துக்கே திரும்பிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மகளின் படிப்பு என்ன ஆனது என்று, செய்தி சொன்னவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும்.

அடுத்த வருடம் மழை கூடுதல். அதை அடுத்து வந்த ஜனவரியில் சில காலைகளில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. மாத முடிவில் மிஸ் என்னை அழைத்தார். போய்ப் பார்த்தேன். முன்பக்கச் சுவரில், பிறகு சுண்ணாம்பிலேயே செய்த இடது பாதி அப்படியே இருந்தது. வலது பாதியில் செங்கற்களின் முகம் தோல் உரிந்ததுபோல் கழன்று, கோப்பிக் கடை வாசலில் சிவப்புத் தூளாகக் குவிந்து கிடந்தது. செங்கலெல்லாம் உள்வாங்கிக் கிடக்க, நான் வைத்த சீமெந்துக் கோடுகள் மட்டும் ஒரு சேதமும் இல்லாமல் துருத்திக்கொண்டு நின்றன. யார் கை வேலை என்று தெரியாமல் போக வழியே இல்லை.

சீமெந்தை வெட்டி எடுத்து, பழுதான செங்கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றி, நல்ல முகம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்து, சுண்ணாம்பில் நிரப்ப வேண்டும். மாதக்கணக்கு வேலை. சுண்ணாம்பு தெரிந்த ஆள் வேண்டும் என்றார் மிஸ். எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்போதாவது மீதியைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மறுநாள் ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து வட்டவளைக்குப் பஸ் பிடித்தேன். தோட்டத்துக்கு நடந்து சேர்ந்தபோது பின்னேரக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வரிசையில் நின்றார். நிறுத்து முடித்து, வெறும் கூடையோடு என்னிடம் வந்தார்.

"வாங்க பாஸ்" என்றார்.

சுவர் கதையைச் சொன்னேன். நீங்கள் அன்றைக்குச் சொன்னபடியே ஆயிற்று என்றேன். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டேன். மன்னிப்பு மாதிரியும் ஏதோ சொன்னேன், ஆள் குறைப்பு என்று சொன்னது பொய் என்பது வரைக்கும். சிங்களத்தில் பேசியதைச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தெரியாதே என்று நினைத்தேன்.

அவர் என்னை முழுதாகப் பேசி முடிக்க விட்டார்.

"எனக்குச் சிங்களம் பேசத்தான் வராது, பாஸ். விளங்கும்," என்றார். "நீங்க சொன்னது அன்னைக்கே விளங்குச்சு. மாத்திச் சொல்வீங்கன்னுதான் உங்க மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்."

சுற்றிலும் ஆட்கள் கூடையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

"அந்த மிஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சொல்லிட்டுக் கூப்பிடுங்க. வாறேன்."

திரும்பும் வழியெல்லாம் சிங்களத்தில் வாக்கியம் கட்டிப் பார்த்தேன். பொய் சொன்ன அன்றைக்கு ஒன்றையும் கட்டிப் பார்க்கவில்லை, தானாக வந்தது. அந்த வாரம் மிஸ் வந்தபோது சுவருக்கு முன்னாலேயே சொன்னேன். சீமெந்து போட்டது நான், சாவி என்னிடம்தான் இருந்தது, பழியை அந்தப் பெண் மேல் போட்டேன் என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

எந்தப் பெண் என்று கேட்டார் அவர்.

அவருக்கு நினைவே இல்லை. ஒரு குடும்பத்தின் அறையைப் பிடுங்கிய வார்த்தை அது, கேட்டவர் மறந்தே போயிருந்தார். நான் அடையாளம் சொல்ல வேண்டியதாயிற்று. அக்காவின் பெயரைச் சொன்னேன். அன்றைக்குப் பெயரைக்கூடச் சொல்லாமல் 'கலவை போடுகிற ஆள்' என்றுதான் சொல்லியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை வரச் சொல்லுங்கள் என்றார் மிஸ்.

திங்கட்கிழமை அக்கா வந்தார். முதல் வேலையாக ஸ்டோர் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு பீப்பாயைக் கழுவ ஆரம்பித்தார்.

நான் சீமெந்தை உளியால் வெட்டினேன். என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவும் அதில் இருந்தது, இம்மியும் அசையவில்லை. இரண்டு செங்கல்லைக் கழற்றினால் ஒன்று உடைந்தது. மூன்றாம் வாரத்தில்தான், சாந்து வாங்கக் குனிந்தபோது, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் துணிந்தேன்.

"அங்க விஞ்ஞானம் இல்லத்தானே. கலைப் பிரிவுல இருக்கா, பாஸ்," என்றார். தாச்சியிலிருந்த சாந்தை என் பலகையில் கொட்டிவிட்டு, அடுத்த கலவைக்குப் போனார்.