இரும்புப் பெட்டிக்குள் என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

பிள்ளைகளே, போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது உங்களில் மூத்தவன் மூன்று நாளும் தன் ஆபீஸைப் பற்றியே பேசினான். மேலதிகாரி சரியில்லை, வேலை சரியில்லை, உட்காருகிற நாற்காலிகூடச் சரியில்லை. நான்காம் நாள் காலையில் அதே ஆபீஸுக்கு நேரமாகிறது என்று அவசர அவசரமாக ரயில் ஏறினான். அவனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது சின்னவள் என்னிடம் கேட்டாள்: "இவ்வளவு பிடிக்கலன்னா அண்ணன் ஏம்ப்பா விட்டுட்டு வரல?"

நானும் ஒன்பது வருஷம் அப்படி இருந்தவன்தான். அதை உங்களிடம் முழுசாகச் சொன்னதில்லை. பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் எழுதுவது. குறை இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தூத்துக்குடியில் கல்கத்தாவுக்குச் சங்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் நான் எழுத்தராக இருந்தேன். அங்கே சங்கை அறுத்து வளையல் செய்வார்கள். முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பல வருஷம் ஆகியிருந்த காலம் அது. கடலில் முங்குகிறவர்கள் சங்குக்காகத்தான் முங்கினார்கள். உயிரோடு வரும் சங்கை வெயிலில் குவித்து, உள்ளே இருக்கும் சதை அழுகிக் கழன்று வரும்வரை போட்டுவைப்பார்கள். பிறகு அலசி, வட்டத் துளைகள் போட்ட ஒரு பலகையில் ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார்கள். எந்தத் துளையில் விழுகிறதோ அந்த அளவுச் சாக்கில் போய்ச் சேரும். அதைப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை.

அந்த அழுகல் வாடையை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாகவே இருக்கும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சரக்கு வேகன் கிடைக்கும் ஞாயிறுகளில் அந்த ஆராதனையும் கிடையாது. குடோனுக்குப் போயாக வேண்டும். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மேசை மணியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நான், இரண்டு தட்டு என்றால் இன்னொருவர்.

அந்த இன்னொருவர் மணப்பாட்டுக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்த எழுத்தர். நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னை "வே" என்பார். தினமும் நாலு மணிக்கு எதிர்த்த கடையில் டீ. டீ பாதி, முதலாளி பாதி.

"வே, இன்னைக்கு மணி எத்தனை தடவை அடிச்சாருன்னு எண்ணினீரா?"

"ஒங்களுக்குப் பதினொண்ணு, எனக்கு எட்டு."

"திருப்பலியிலகூட இம்புட்டு மணி கெடையாது. இங்கேயே கெடந்து செத்தோம்னு வையும், சங்கு ஊத வெளிய ஆள் தேட வேண்டாம். குடோன்லயே குமிஞ்சி கெடக்கு."

"வேற வேலை பாக்கலாம்லா, அண்ணாச்சி?"

"பாக்கலாம். புத்தகம் எங்க இருக்கு? பெட்டிக்குள்ளலா இருக்கு."

புத்தகம் என்றால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த ஒரே சொத்து. மார்க்கு, பிறந்த தேதி, நடத்தை எல்லாம் அதில்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி அதை வாங்கி, "இது இங்கன பத்திரமா இருக்கட்டும்" என்று தன் அறையில் இருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஆள் சொல்லாமல் ஓடிவிடக்கூடாது என்பதற்காக. பல கம்பெனிகளில் இதுதான் வழக்கம். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் வேறு வேலை தேடுகிறோம் என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த வேலை கிடைக்காமல் போனால் இருக்கிற வேலையிலும் முதலாளி முகம் கொடுக்க மாட்டார். அதனால் நானும் கேட்கவில்லை, அண்ணாச்சியும் கேட்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடோனில் சங்கு அலசிய ஒரு பெண் இருந்தாள். ஒருநாள்கூட அவள் முதலாளியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. திடீரென்று ஒரு திங்கட்கிழமை வரவில்லை. இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போய்விட்டாள். பிறகொரு நாள் சந்தையில் பார்த்தபோது அண்ணாச்சி அவளைச் சீண்டினார்.

"ஏளா, அங்க மட்டும் மணக்கா?"

"நாறத்தான் செய்யுது. ஆனா வேற நாத்தம்லா, அண்ணாச்சி" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அன்றைக்கு டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவளுக்குப் புத்தகம் இல்லை, அதனால் போய்விட்டாள் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் வர ஆரம்பித்திருந்த சமயம். லாரி எடை போடும் மேடைக்கு எழுத்தர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, உங்கள் அம்மா சொன்னதால் மனு எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி அட்டை வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி. அசல் சான்றிதழ் இல்லாதவர் வர வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. அட்டை கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

நான் அதை வேதப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு உங்கள் அம்மாவிடம், "எப்படிக் கேக்க? கொடுப்பாரா? கொடுக்காட்டா என்ன செய்ய?" என்று அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். அவள் மாவு பிசைந்தபடியே சொன்னாள்.

"முதலாளிகிட்ட கேக்க வேண்டியத எங்கிட்ட ஒம்பது வருசமா கேட்டுக்கிட்டு இருக்கீங்க. பெட்டிச் சாவி எங்கிட்டயா இருக்கு?"

சனிக்கிழமை காலை ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு போனேன். பெரியவன் இரண்டாம் வகுப்பு. அவனை வேறு பள்ளியில் சேர்க்க அப்பாவின் படிப்பு விவரம் கேட்கிறார்கள் என்று சொல்லப்போனேன். முதலாளி முன்னால் நின்றதும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வேணும். புதுத் துறைமுகத்துல வேலைக்கு மனு போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒம்ம புத்தகமா? அது எங்கிட்ட இல்லையே. பெருமழையில இந்த ரூமுக்குள்ள தண்ணி வந்துச்சில்லா, அன்னைக்கே பெட்டியில இருந்த காயிதம் எல்லாத்தையும் எடுத்து ஒங்க அண்ணாச்சி கையில கொடுத்தேன். காயப்போட்டு அவங்கவங்க புத்தகத்த அவங்கவங்ககிட்ட கொடுத்திரும்னு சொன்னேன். இந்தப் பெட்டி துருப்புடிச்சிப் போச்சி, இனிமே என்னால காவல் காக்க முடியாதுன்னும் சொன்னேனே. கொடுக்கலயா?"

அந்த மழை பெய்தபோது நான் ஊரில் இல்லை. சின்னவளே, நீ உடன்குடியில் உன் ஆச்சி வீட்டில் பிறந்தாய். அதற்காக லீவில் போயிருந்தேன். நான் முதலாளியிடம் புத்தகம் கேட்ட அன்று உனக்கு நாலு வயது முடிந்திருந்தது. அப்படியானால் நாலு வருஷம்.

அண்ணாச்சி தன் மேசையில் சாக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். என் மேசைக்கும் அவர் மேசைக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற இடம்தான்.

"நம்ம புத்தகத்த மழை வந்த வருசமே உங்ககிட்ட கொடுத்துட்டாராமே?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். மறுக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கீழ் இழுப்பறையைத் திறந்தார். பழைய ரயில்வே ரசீதுகளுக்கு அடியில், சணல் கயிற்றால் கட்டிய இரண்டு புத்தகங்கள். மேலே இருந்தது என்னுடையது. கீழே அவருடையது.

"நாலு வருசமா, அண்ணாச்சி?"

"நீரு லீவு முடிஞ்சி வந்த அன்னைக்கே கொடுத்திருக்கணும். கொடுக்கல. மறுநாளு கொடுக்க வெக்கமாப் போச்சி. அப்புறம் ஒவ்வொரு நாளும் வெக்கம் கூடிக்கிட்டே போச்சி."

"ஏன் கொடுக்கல?"

"கைக்கு வந்தா நீரு போயிருவீரு. நீரு போனா, இந்த ஆளு ஏன் போகலன்னு எல்லாரும் என்னையப் பாப்பாங்க. நானே என்னையக் கேப்பேன். பெட்டிக்குள்ள இருக்குன்னு சொல்லிட்டா ஒரு சவுரியம்லா, வே."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் உப்புக் கம்பெனியில் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல வேலை. புத்தகம் பெட்டிக்குள் கிடக்கிறது, நம்ம தலையெழுத்து என்று டீக்கடையில் சொன்னார். நான் அவருக்காக ராத்திரி ஜெபம்கூடப் பண்ணினேன். அந்த நேரத்தில் புத்தகம் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சாவி இடுப்பில்.

கோபம் வர வேண்டும். வரவில்லை. அப்படியே ஒரு சங்குச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அது வருத்தம் இல்லை, பிள்ளைகளே. தலையில் சுமந்து வந்த கட்டைக் கீழே போட்டதும் கழுத்து லேசாக ஆடுமே, அது. முதலாளியிடம் நான் கேட்ட ஒரே கேள்விக்கு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்கு ஒன்பது வருஷம் பயந்திருக்கிறேன். அதில் நாலு வருஷத்துக்குத்தான் அண்ணாச்சி பொறுப்பு. மீதி அஞ்சு வருஷத்துக்கு யார்? நாலு வருஷமும் நான் ஒரு தடவை வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

"முதலாளிகிட்ட சொல்லுவீரா?" என்றார் அண்ணாச்சி.

"என்னத்தச் சொல்ல? புத்தகம் கெடச்சிட்டுன்னு சொல்லுவேன்."

திங்கட்கிழமை துறைமுகத்தில் ஓர் அதிகாரி என் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு மூக்கைச் சுளித்து அதை முகர்ந்து பார்த்தார்.

"சங்குக் கம்பெனியா?"

"ஆமா சார்."

சிரித்துவிட்டுப் புத்தகத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நான் ஓய்வு பெறும்வரை பார்த்த வேலை அப்படித்தான் கிடைத்தது. அங்கேயும் தொல்லை இல்லாமல் இல்லை. நிலக்கரித் தூசி, லாரிக்காரர்களின் வாய், வெயில். ஆனாலும் முதல் மாதம் முழுக்க, காலையில் சைக்கிளில் உப்பளங்களைத் தாண்டும்போது சொல்லிவிட்டுத்தான் வந்தேன், யாரும் என்னைத் துரத்தி வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒரு பெரியவர் என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இடி எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூத்தவனே, உன் வேலையை விடு என்று நான் சொல்ல வரவில்லை. உன் ஆபீஸ் எனக்குத் தெரியாது. தினமும் நாலு மணிக்கு அண்ணாச்சியும் நானும் முதலாளியைத் திட்டி முடித்ததும் மனசு லேசாகிவிடும். அந்த லேசில் மறுநாளும் வேலைக்குப் போய்விடுவோம். அவர் என்னைவிட நன்றாகத் திட்டுவார், அதனால் என்னைவிட அதிக நாள் இருந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீ எனக்குப் போனில் சொல்கிறதை ஒரு தடவை உன் அதிகாரியிடம் சொல்லிப் பார். பதில் என்னவானாலும் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. சங்குக் கம்பெனியில் எனக்குக் கடைசி நாள், மத்தியானம். முதலாளி என் கையைப் பிடித்து "போய்ட்டு வாரும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அண்ணாச்சியும் வீட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கு அவர் கீழ் இழுப்பறையைப் பூட்டவில்லை. பூட்ட இனி என்ன இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

குடோனில் நான் மட்டும். அவருடைய புத்தகத்தை வெளியே எடுத்தேன். ஓரங்களைப் பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்தது. தூசியைத் தட்டி, உங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் போடுவது மாதிரி பழுப்புத் தாளில் அட்டை போட்டேன். பூச்சி வராமல் இருக்க நடுவில் இரண்டு வேப்பிலை வைத்தேன். கீழ் இழுப்பறையில் திரும்ப வைக்க மனசு வரவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவர் திறக்கிற மேல் இழுப்பறையில், அவருடைய மூக்குப்பொடி டப்பாவுக்கு அடியில் வைத்து, சத்தம் வராமல் மூடினேன்.