பவர் பத்திரத்தில் நான் மாற்றிய ஒரு சொல்

என் டைரியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு எதிரே இப்படி இருக்கிறது: "ஜமால் பாய், பவர், இரண்டு மொழி. நோட்டரி 11.20. ஒரு சொல் மாற்றம்." கடைசி மூன்று சொற்களை அன்று பெருமையோடுதான் எழுதினேன்.

துபாய் தேராவில் ஒரு டைப்பிங் சென்டரில் சட்டப் பத்திரங்கள் அடிப்பது என் வேலை. ஜமால் பாய் பக்கத்துத் தெருவில் மசாலாக் கடை வைத்திருப்பவர். மனைவி காரைக்கால், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மகள் நஸ்ரீன் பிரான்சில் திராட்சை விளையும் ஊர் ஒன்றில் மருத்துவர். அங்கே அப்பாவும் மகளும் கூட்டாக ஒரு பழைய வீடு வாங்குகிறார்கள். அவருக்கு விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்காததால், மகளே கையெழுத்துப் போட பவர் வேண்டும். வாசகத்தை அந்த ஊர் நோட்டேர் அனுப்பியிருந்தார். அங்கே வீட்டுக் கிரயத்தை முடித்துவைக்கும் அதிகாரி அவர்தான். அவர் அனுப்பிய பிரெஞ்சு இடப்பக்கம், இங்கே மொழிபெயர்க்கும் அரபி வலப்பக்கம். அரபி இல்லாமல் இங்கே நோட்டரி முத்திரை விழாது.

வீட்டு விவரத்தில், "ஒட்டிய பழைய ஒயின் கிடங்கு" என்று ஒரு வரி.

"தம்பி, நோட்டரி இத சத்தமா வாசிப்பாரா?"

"வாசிப்பாரு பாய். அரபிலதான்."

"ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவன் ஒயின் கிடங்கு வாங்குறான்னு நாலு பேரு முன்னாடி வாசிக்கணுமா? வெறும் கிடங்குன்னு போட்டுரு. நானும் கிடங்குலதான மல்லி மூட்ட வச்சிருக்கேன்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பிரெஞ்சுப் பக்கத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, சாதாரணக் கிடங்குக்கான சொல்லைத் தேடிப் போட்டேன். மொழிபெயர்ப்பாளர் என் தாளைப் பார்த்துத்தான் அரபி எழுதினார். அவர்மேல் தவறில்லை. வியாழக்கிழமை அட்டஸ்டேஷன், அதாவது அரசுச் சான்றொப்பம், எல்லாம் முடிந்து கூரியரில் போனது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நோட்டேர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். இது நாங்கள் அனுப்பிய வாசகம் அல்ல, நிலப் பதிவேட்டோடு பொருந்தவில்லை, ஏற்க இயலாது. கிரயம் அதற்கடுத்த செவ்வாய். அன்று தவறினால் ஒப்பந்தம் காலாவதி. தவறினால் தான் வாங்கிக்கொள்ளலாம் என்று பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர் காத்துக்கொண்டிருந்தார். நஸ்ரீனோ மாத முடிவில் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

மகளை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டார் பாய்.

"வாப்பா, யாரு மாத்துனது?"

அவர் என்னைப் பார்த்தார். "நாந்தாம்மா சொன்னேன்."

"அடிச்சது நான் டாக்டர்," என்றேன்.

"ரெண்டு பேரும் சேந்தா? சரி. அது ஒயின் கிடங்குதான் வாப்பா, ஊருக்கே தெரியும். நீங்க வெக்கப்பட்டா அது மசாலா கிடங்கு ஆயிராது. வீடு வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்ப வந்த மாதிரியே அடிக்கச் சொல்லுங்க."

புதன் காலை மறுபடி நோட்டரி அலுவலகம். முன்பு இருந்த அதே இளம் எமிராத்தி அதிகாரிதான். அந்த வரி வந்ததும் வாசிப்பை நிறுத்தி நிமிர்ந்தார். பின்னால் வரிசையில் ஆறு பேர். அதில் ஒருவர் பாயின் கடைக்கு வாடிக்கை.

"உள்ளே சரக்கு இருக்கிறதா?" என்று அதிகாரி அரபியில் கேட்டார்.

"மாஃபி, ஒன்றுமில்லை. மகளுக்கு வீடு," என்றார் பாய், அதே மொழியில். காது மடல் சிவந்திருந்தது.

"கலாஸ், முடிந்தது." முத்திரை விழுந்தது. வாடிக்கைக்காரர் போனிலிருந்து தலை தூக்கவே இல்லை.

வெளியே வந்ததும் பாய் சொன்னார், "இதுக்குத்தானா தம்பி ஒரு வாரத்தத் தொலைச்சோம்?"

வியாழன் மாலை கூரியர் புறப்பட்டது. திங்கள் பிற்பகல் போய்ச் சேர்ந்தது. செவ்வாய் கிரயம் முடிந்தது. சாவியைப் படம் பிடித்து அனுப்பினாள் நஸ்ரீன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். வாடிக்கையாளரின் சங்கடம் நமக்கும் புரியும், புரியட்டும். அதை ஆறுதல் சொல்லித் தீர்க்கலாம். டீ வாங்கிக் கொடுத்துத் தீர்க்கலாம். தாளில் தீர்க்கக் கூடாது. பத்திரத்தில் இருப்பது இன்னொருவர் பார்த்து எழுதிய சுவர். அதை நாம் இருக்கையில் இருந்தபடி இடித்துக் கட்ட முடியாது.

பிறகு விசா கிடைத்து பாய் அங்கே போய்வந்தார். வீட்டைப் பற்றி நிறையச் சொன்னார். அந்தக் கிடங்குக்குள் கால் வைக்கவில்லை என்கிறார். முதல் நாளே நாற்காலி போட்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார், வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அது என்கிறாள் மகள். இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். எது உண்மை என்று இன்னும் உறுதி செய்துகொள்ளவில்லை.